கடைசி சீனை அத்தை சொன்ன விதம்

எங்கள் ஊரில் படம் பார்ப்பது ஒரு வேலை. பார்த்த படத்தைப் பற்றிப் பேசுவது இன்னொரு வேலை. முதல் வேலை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலோடு முடிந்துவிடும். இரண்டாவது, அடுத்த கேசட் வரும்வரை குளத்துப் படித்துறையிலும் வயல் வரப்பிலும் நடந்துகொண்டே இருக்கும்.

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தது எண்பதுகளின் நடுவில், ஒரு வைகாசியில். தேதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் கீழ்வேளூர் பக்கம் யாருக்கும் அது தேவைப்படுவதில்லை. "மேட்டூர லேட்டா தெறந்த வருஷமா, அதுக்கு மொத வருஷமா?" என்றுதான் கேட்பார்கள். லேட்டாகத் திறந்த வருஷம். அதே வருஷம்தான் மிராசுதாரரின் பெரிய வீட்டுக்கு வீடியோ டெக் வந்தது. அதே வருஷம்தான் என் மாமனாருக்கும் பெரிய வீட்டுக்கும் வழக்கு முற்றியது. மூன்றையும் ஊரார் ஒரே மூச்சில் சொல்வதால், நான்தான் டெக்கையும் வழக்கையும் சீதனமாகக் கொண்டுவந்தேனோ என்று எனக்கே சில சமயம் சந்தேகம் வரும்.

பட்டுக்கோட்டைக்கு அருகே தென்னந்தோப்புக்குள் வளர்ந்தவள் நான். எங்கள் கிளை நூலகத்தில் இருந்த நாவல்களில் பாதிக்குக் கடைசிப் பக்கங்கள் இருக்காது. கதாநாயகி பிழைத்தாளா, கல்யாணம் நடந்ததா என்று தெரிந்துகொள்ள அதே புத்தகத்தை வேறு ஊர் நூலகத்தில் தேடிப் போயிருக்கிறேன். அப்படி வளர்ந்ததாலோ என்னவோ, ஒரு கதையின் முடிவை யாராவது மாற்றிச் சொன்னால் எனக்குத் தாங்காது. அப்படிப்பட்டவளுக்குத்தான் இப்படியொரு மாமியார் வாய்த்தார்.

முதலில் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். மாமா சாகுபடி செய்துவந்தது ஆறு மா நிலம். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஆக இரண்டு ஏக்கர். பட்டா பெரிய வீட்டு ஐயா பேரில். மாமாவின் அப்பா காலத்திலிருந்தே எங்கள் குடும்பம் அதைக் குத்தகைக்கு ஓட்டியது. எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்து எதுவும் கிடையாது. குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் சென்னையில் போட்ட சட்டம் கடைமடைக்கு வந்து சேர, காவிரித் தண்ணீரைவிட அதிக காலம் எடுத்துக்கொண்டது. வந்து சேர்ந்ததும் மாமா மனுப் போட்டார். ஐயா அதற்கு ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார்: 'மேற்படியார் குத்தகைதாரர் அல்ல, நமது பண்ணையில் மேற்பார்வை பார்க்கும் வேலையாள்.'

வழக்குத் தோற்றால் நிலம் போகும். எங்களுக்கு வேறு நிலம் கிடையாது. ஆனால் மாமாவை அதிகம் சுட்டது 'வேலையாள்' என்ற சொல்தான். ஏனென்றால் அதற்கு முன்பு இருவரும் சிநேகிதர்கள். அப்படி யாரும் சொல்லிக்கொண்டதில்லை; மிராசுதாரரும் குத்தகைக்காரரும் சிநேகிதர்கள் என்று சொல்லிக்கொள்ள எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆனால் டூரிங் கொட்டகையில் எந்தப் படம் மாறினாலும் ஒரே வண்டியில் போவார்கள். ஐயா சேர் டிக்கெட், மாமா பெஞ்சு டிக்கெட். இடைவேளையில் ஆளுக்கொரு சோடாவோடு கொட்டகை வாசலில் சந்தித்து, முதல் பாதியைப் பற்றிச் சண்டை போடுவார்கள். திரும்பும்போது வண்டியில் இரண்டாம் பாதிக்கான சண்டை. கொட்டகையில் பேசியது கொட்டகையோடு சரி, மறுநாள் அதை வயலுக்குக் கொண்டுவரக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டாம். ஆட்சேபணை மனு வந்த அன்றிலிருந்து மாமா பெரிய வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் டெக் வந்து இறங்கியது. சிங்கப்பூரிலிருந்து வந்தது என்றார்கள். ஐயாவின் பண்ணைக் கணக்கைப் பார்க்கும் காரியக்காரர் சனிக்கிழமை பஸ் பிடித்து, கூத்தாநல்லூரில் ஒரு பாய் கடையில் கேசட் எடுத்துவருவார். ஞாயிறு பிற்பகல் பெரிய வீட்டுக் கூடத்தில் படம். பொழுது சாய்ந்தால் மின்சாரம் இளைத்து, திரையில் கதாநாயகன் ஒரு சாண் குறைந்துவிடுவான், அதனால்தான் பகலிலேயே. தெருக்காரர்கள் கூடத்தில் உட்காருவோம். வயல் வேலை செய்யும் தெற்குத் தெருக்காரர்கள் கொல்லைப் பக்க சன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். எல்லோரும் சமம் என்று சுவரெல்லாம் எழுதிய இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்டுகொண்டிருந்தன. சன்னல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஐயாவுக்கு எல்லா வசதியும் வந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் இல்லை: பேச்சுத் துணை. படம் முடிந்ததும் திரும்பி, "எப்படிய்யா?" என்பார். காரியக்காரர், "ரொம்ப நல்லா இருக்குங்க" என்பார். "எனக்குப் புடிக்கலையே" என்றால், "ஆமாங்க, நல்லால்லதான்" என்பார். மற்றவர்களிடம் கேட்டால், பதில் அவரவர் கரை வேட்டியைப் பொறுத்தது. நடிகர் நம் கட்சி என்றால் நல்ல படம்; அந்தக் கட்சி என்றால் நாட்டுக்குக் கேடு. கட்சி சாராதவர்கள் பயிரைப் பார்ப்பார்கள். "கதிரே வெளிய வரல, அதுக்குள்ள அருவாளத் தூக்கிட்டு பாட்டுப் பாடுறா. இவளக் கட்டிக்கிட்டு அவன் என்னத்த உருப்புடுவான்?" இதற்குமேல் விமர்சனம் போகாது.

மாமா போகமாட்டார் என்றானதும், நாங்களும் போகக் கூடாது என்று நான் நினைத்திருந்தேன். என் கணவருக்குத் திருச்சியில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். முதல் ஞாயிற்றுக்கிழமையே அத்தை புடவை மாற்றிக்கொண்டு நின்றார்.

"அத்தை, கேஸு நடக்குதே?"

"வாய்தா ஆம்பளைங்களுக்கு. படம் எல்லாருக்கும் பொது. நீ தலைய முடிஞ்சுகிட்டுக் கெளம்பு."

மாமா தடுக்கவில்லை. ஆனால் நாங்கள் திரும்பி வரும்வரை கலப்பைக்கு இல்லாத பழுதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இலை போட்டு உட்கார்ந்ததும், சோற்றைப் பார்த்தபடி கேட்டார்: "என்ன கதையாம்?"

அத்தை பரிமாறிக்கொண்டே கதை சொன்னார். அது ஓர் அண்ணன் தங்கை படம். தங்கைக்கு டிபி. அண்ணன் ஊரெல்லாம் அலைந்து மருந்து வாங்கி ஓடிவருகிறான். அவன் வாசலில் கால் வைக்கும்போது அவள் இறந்து கிடக்கிறாள். கூடத்தில் அழாத பெண் இல்லை; அத்தைதான் முதலில் ஆரம்பித்தார். ஆனால் இலைக்கு முன்னால் அத்தை சொன்னது வேறு. "மருந்து உள்ள போனுச்சா, அடுத்த பாட்டுல அந்தப் பொண்ணு எந்திரிச்சு உக்காந்துடுச்சு. அப்பறம் கல்யாணம். வளைகாப்புக்கு ஏழு வகை சோறு போட்டாங்க பாருங்க..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை பின்னாலேயே அடுப்படிக்குள் போய்க் கேட்டேன்: "அத்தை, அந்தப் பொண்ணு செத்துல்ல போச்சு?"

"மெதுவாப் பேசுடி. சாப்புடுற மனுசங்கிட்ட யாராவது சாவுச் சேதி சொல்லுவாங்களா?"

அது எங்கள் பக்கத்து வழக்கம்தான். தந்தி வந்தாலும், சாப்பிட்டுக் கை கழுவட்டும் என்று முந்தானையில் முடிந்து வைத்திருப்பார்கள். அத்தை அந்த வழக்கத்தைச் சினிமாவுக்கும் நீட்டிவிட்டார். மாமாவோ கதையை இலையில் உட்கார்ந்தால்தான் கேட்பார்; மற்ற நேரத்தில் கேட்டால், பெரிய வீட்டுப் படத்துக்கு ஆசைப்பட்டதாக ஆகிவிடும் அல்லவா? ஆகவே எங்கள் வீட்டில் எந்தப் படத்திலும் யாரும் சாகவில்லை. ஆற்றில் விழுந்த பையன் கரையேறினான். தூக்குமேடைக்குப் போனவன் மேடையிலிருந்து இறங்கி வந்து மோர் குடித்தான்.

மாமா சும்மா கேட்டுக்கொண்டிருப்பவர் அல்ல. அபிப்பிராயம் சொல்லாமல் எழுந்தால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. "டிபி புடிச்சவ ஒரே பாட்டுல எப்படி எந்திரிப்பா? டைரக்டருக்கு மூளையே இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவினார்.

திங்கட்கிழமை படித்துறையில் அத்தை அதை அப்படியே பெரிய வீட்டம்மாவிடம் சொன்னார். அந்த அம்மாள் ஐயாவிடம் சொன்னார். ஐயாவுக்கு ஒரு பழக்கம்: படத்தின் நடுவே நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குவார், ஆனால் தூங்கினதாக ஒப்புக்கொள்ளமாட்டார். தங்கை எழுந்து உட்கார்ந்த காட்சியை அவர் பார்த்ததாக ஞாபகம் இல்லை. பார்க்கவில்லை என்று சொல்ல கௌரவம் விடவில்லை. பதில் படித்துறை வழியாக வந்தது: "அது மருந்தோட சக்தியாம். படிச்ச டாக்டரு குடுத்ததாம். ஒங்க வீட்டுக்காரருக்கு என்ன தெரியும்னு கேட்டாங்க."

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். படத்தைப் பார்க்காத ஒருவர், படத்தில் இல்லாத ஒரு காட்சியைக் குறை சொல்ல, படத்தைப் பார்த்த ஒருவர் அந்தக் காட்சிக்கு வக்காலத்து வாங்குகிறார்!

பிறகு விசாரித்ததில் தெரிந்தது: ஐயா அன்று மாலையே கேசட்டை மறுபடி ஓடவிட்டிருக்கிறார். காட்சி வரவில்லை. "நீ பாத்தியாய்யா, அவ எந்திரிச்சத?" என்று காரியக்காரரைக் கேட்டிருக்கிறார். "பாத்தேனுங்களே, நல்லா எந்திரிச்சா. எலுமிச்சம்பழச் சாறுகூட குடிச்சா" என்றிருக்கிறார் காரியக்காரர்.

இப்படியே நடவு முடிந்து, ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்து, சம்பா தலை நிமிர்ந்தது. மாமா வாரா வாரம் இல்லாத காட்சிகளைக் கிழித்தார். ஐயா வாரா வாரம் அவற்றைக் காப்பாற்றினார், பிறகு தேடினார். கடைசியில் பாய்தான் கேசட்டை வெட்டித் தருகிறார் என்ற முடிவுக்கு வந்து, காரியக்காரரைச் சண்டைக்கு அனுப்பினார். பாய் ரொம்ப நிதானமானவர். "எங்கிட்ட இருக்குறது கேசட்டுங்க, கருவேப்பில இல்ல, ஒடிச்சு ஒடிச்சு குடுக்க" என்றாராம்.

தாலுக்கா ஆபீசில் வாய்தாவுக்குப் போகும்போது இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போக வேண்டும். ஐயா முன்பக்கம், மாமா பின்பக்கம். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

மார்கழியில் நிலைமை இறுகியது. பொங்கல் கழிந்த வாரத்தில் வாய்தா. அன்றே உத்தரவு வந்துவிடும் என்று பேச்சு. சம்பா அப்போது அறுப்புக்கு நிற்கும். உத்தரவு எங்களுக்கு எதிராக வந்தால், மாமா நட்ட பயிரை வேறு ஆள் அறுப்பான். சிவப்புக் கொடிச் சங்கத்துக்காரர்கள் வந்து, வயலில் இறங்கி மறிப்போம் என்றார்கள். பெரிய வீட்டில் போலீசுக்குச் சொல்லி வைத்திருப்பதாகக் கேள்வி. மாமா இரவில் எழுந்து உட்காருவதை அத்தை பார்த்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் வரப்புச் சண்டை எதில் போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பார்த்து பாய் அனுப்பிய படம், ஒரு மிராசுதாரரையும் குத்தகைக்காரரையும் பற்றியது.

படத்தின் முடிவு இதுதான். நிலம் பிடுங்கப்பட்டு, குத்தகைக்காரன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வண்டியேறி ஊரைவிட்டுப் போகிறான். வண்டி போகிறது, போகிறது, தூசிக்குள் மறைகிறது. மிராசுதார் வயலில் தனியாக நிற்கிறார். திரையில் 'வணக்கம்'. கூடத்தில் யாரும் அழவில்லை. எங்களைப் பார்க்காமல் இருக்க எல்லோரும் கஷ்டப்பட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை நேரே அடுப்படிக்குள் போனார். இலை போட்டதும் மாமா வழக்கம்போல் கேட்டார். அத்தை குழம்பை ஊற்றியபடி சொன்னார்:

"வண்டி ஊர் எல்லையத் தொட்டுருச்சு. அப்ப பாத்தா, பின்னால ஆரோ ஓடியாறாங்க. ஆரு? மிராசுதான். கால்ல செருப்புகூட இல்ல. வேர்க்க விறுவிறுக்க ஓடியாந்து, மாட்டோட மூக்கணாங்கயித்தப் புடிச்சுகிட்டாரு. 'நீ போய்ட்டா இந்த மண்ணு யாரு பேச்சய்யா கேக்கும்? எறங்குய்யா கீழ'ன்னாரு. அவ்வளவுதான். வண்டி திரும்பிருச்சு."

மாமாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொய்யி" என்றார். "எந்த மிராசு செருப்பு இல்லாம ஓடியாருவான்? அப்படியே வந்தாலும் இவன் ஒடனே எறங்கியிருக்கக் கூடாது. எழுதி வாங்கிகிட்டுல்ல எறங்கணும்? கிறுக்கன்."

அந்த அபிப்பிராயமும் படித்துறை ஏறியது. இந்தத் தடவை ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாராம். புதன்கிழமை பெரிய வீட்டம்மா அத்தையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மிராசுன்னா அவ்வளவு எளப்பமான்னு ஐயா குதிக்கிறாரு. வர்ற ஞாயித்துக்கெழம ஒங்க வீட்டுக்காரரு நேர்ல வந்து, எந்த எடத்துல ஓடியாறான்னு வெரல வச்சுக் காட்டணுமாம்."

அத்தை திகைத்து நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வீட்டுக்கு வந்து மாமாவிடம், "வாய்தா நேரத்துல அங்க போறதாவது? மானம் போயிடும்" என்று முடிந்தவரை தடுத்துப் பார்த்தார்.

"நான் அவரு வீட்டுக்கா போறேன்? படத்துக்குல்ல போறேன்" என்றார் மாமா. வாய்தாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார இடமில்லை. சன்னலில் தலைகள் மூன்றடுக்காக இருந்தன. மாமா வாசற்படி தாண்டி உள்ளே வந்து நின்றார். சாய்வு நாற்காலியில் இருந்த ஐயா அவரைப் பார்க்காமல், உத்தரத்தைப் பார்த்து, "பெஞ்ச எடுத்துப் போடுங்கடா" என்றார். பெஞ்சு வந்தது. மாமா உட்கார்ந்தார். சேர் டிக்கெட்டும் பெஞ்சு டிக்கெட்டும் பழையபடி ஆயிற்று, சோடாதான் பாக்கி.

படம் ஓடியது. அன்று ஐயா தூங்கவில்லை. கடைசிக் கட்டம் வந்தது. வண்டி புறப்பட்டது. எல்லோரும் திரையின் ஓரத்தையே பார்த்தோம், உண்மையிலேயே யாராவது ஓடி வருவார்கள்போல. நிஜ முடிவு தெரிந்த நான்கூடப் பார்த்தேன். வண்டி தூசிக்குள் மறைந்தது. வணக்கம்.

ஐயாவும் மாமாவும் ஒரே சமயத்தில் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள்.

"நடுவுல கரண்டு எறங்குச்சு பாருங்க," என்றார் அத்தை. "அதுல முழுங்கிருச்சு."

சன்னல் பக்கம் யாரோ சிரித்தார்கள். ஐயா என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பொண்ணு. நீ சொல்லும்மா. ஓடியாந்தானா இல்லையா?"

அத்தை என் முழங்கையைக் கிள்ளினார். ஆனால் கடைசிப் பக்கத்தைத் தேடி ஊர் ஊராகப் போனவள் நான். "படத்துல ஓடி வரலைங்க. அத்தை சொன்னதுலதான் ஓடி வந்தாரு."

மாமா மெதுவாகக் கேட்டார்: "அப்ப அந்த டிபி வந்த பொண்ணு?"

"செத்துப்போச்சு மாமா."

"ஆத்துல விழுந்த பய?"

"அவனுந்தான்."

"தூக்குல..."

"ம்."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத்தன நாளா எல்லாரும் சௌக்கியமா இருக்காங்கன்னுல்ல நெனச்சுகிட்டுருந்தேன்!"

ஐயா காரியக்காரரைத் தேடினார். "ஏய்யா, எலுமிச்சம்பழச் சாறு குடிச்சான்னு சொன்னியே?" காரியக்காரர் டெக்குக்குப் பின்னால் குனிந்து ஒயரைச் சரிபார்க்க ஆரம்பித்திருந்தார்.

அத்தோடு எல்லோரும் எழுந்து போயிருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் முகம் பார்த்துச் சண்டை போடாமல் இருந்த இருவர் அவர்கள். ஐயாதான் ஆரம்பித்தார்: "எது எப்படியோ, அந்த அம்மா சொன்ன முடிவுதான்யா முடிவு. இவன் எடுத்துருக்கானே, இதெல்லாம் ஒரு முடிவா? மிராசு வயல்ல தனியா நின்னுகிட்டு என்ன பண்ணுவான், களையா எடுப்பான்?"

"படத்துல எடுத்துருக்கதுதாங்க சரி," என்றார் மாமா. "மிராசு ஓடியாரமாட்டாரு."

"ஏன் ஓடியாரமாட்டான்?"

"வழக்கம் இல்லீங்க."

"நீ என்னத்தய்யா கண்ட மிராசப் பத்தி?" ஐயா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். "ஒங்கப்பன் காலத்துலேருந்து என் நெலத்த குத்தகைக்கு ஓட்டுற. என் குத்தகைக்காரன் நீ. நீயே என்னப் பத்தி இப்படிச் சொன்னா..."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே கேட்டுவிட்டது. கேசட் பின்னோக்கிச் சுற்றும் ஓசை மட்டும் வந்தது. காரியக்காரர் ஒயரை விட்டுவிட்டு இருமினார்.

சன்னலுக்கு வெளியே ஒரு குரல்: "ஐயா என்ன சொன்னாரு?"

இன்னொரு குரல்: "குத்தகைக்காரன்னாரு."

"இன்னொரு தரம் சொல்லச் சொல்லு. எனக்குப் பாதிதான் கேட்டுச்சு."

மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "படம் சுமாருதாங்க. வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும், "மாமா, இத்தனை பேர் சாட்சி இருக்காங்க. அவரு வாயாலேயே சொல்லிட்டாரு. நாளைக்கே வக்கீல்கிட்ட போவோம்" என்றேன். சட்டம் பற்றி நான் படித்திருந்ததையெல்லாம் கொட்டினேன்.

மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கொட்டாயில பேசுனத வெளிய கொண்டாறக் கூடாதும்மா. அவரும் இதுவரைக்கும் கொண்டாந்ததில்ல."

"நிலம் போயிடுமே மாமா?"

"போனா போவுது" என்றார். அவர் குரலைக் கேட்டால் போனால் போகட்டும் என்பதுபோல் இல்லை.

அத்தை இலையைப் போட்டார். அந்தக் கட்டுப்பாடு இரண்டு ஆண்களுக்குள் செய்துகொண்டது. அத்தை அதில் கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் படித்துறையில் அத்தை நடந்ததைச் சொன்னார். சொன்னது அத்தை என்பதால், நடந்தது மட்டும் போதவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தக் கதை எங்கள் தெருவுக்கே திரும்பி வந்தபோது இப்படி இருந்தது: ஐயா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். செருப்பில்லாமல் கூடத்தைத் தாண்டி ஓடிவந்தார். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். 'என் குத்தகைக்காரன் நீ. நீ போய்ட்டா இந்த மண்ணு யாரு பேச்சய்யா கேக்கும்?' என்று கண் கலங்கினார். இதில் செருப்பில்லாதது மட்டும் உண்மை. வீட்டுக்குள் யார் செருப்புப் போடுவார்கள்?

அப்புறம் அது யார் கையிலும் நிற்கவில்லை. சங்கத்துக்காரர்கள் ஐயாவுக்குத் துண்டு போர்த்த வேண்டும் என்றார்கள். சிவப்பில் போர்த்தலாமா என்று அவர்களுக்குள் விவாதம். இரண்டு கட்சிக் கிளைச் செயலாளர்களும் அடுத்தடுத்து பெரிய வீட்டுக்குப் போனார்கள். ஒருவர், "எல்லாம் எங்க ஆட்சியில போட்ட சட்டத்தாலதாங்க" என்றார். மற்றவர், "போட்டது யாரா வேணா இருக்கட்டும், மனசு வந்தது எங்க ஆட்சியிலதான" என்றார். கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போன காரியக்காரரிடம் பாய் ஒரு பொட்டலம் அல்வாவைக் கொடுத்து, "ஐயா மாதிரி மனுசங்க இருக்குறதாலதான் மழை பெய்யுதுன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க" என்று அனுப்பினார். காரியக்காரர் வழக்கப்படி ஆமோதித்துவிட்டு வந்தார்.

ஐயா மறுத்திருக்கலாம். எல்லாம் கட்டுக்கதை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் ஏன் சொல்லவில்லை என்பதைப் பல வருஷம் கழித்துப் பெரிய வீட்டம்மாதான் எனக்குச் சொன்னார். அல்வாவைத் தின்றுகொண்டே ஐயா கேட்டாராம்: "நான் என்னமோ ஓடிப்போயி அவன் கையப் புடிச்சேங்கிறாங்களே. புடிச்சேனா?"

"புடிச்சீங்க" என்றிருக்கிறார் அம்மாள்.

"எனக்கு ஞாபகம் இல்லையே?"

"நீங்க தூங்கியிருப்பீங்க."

தூங்கினேன் என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம்தான் அவருக்குக் கிடையாதே.

வாய்தாவன்று தாள்களைப் படிக்க ஆள் வேண்டுமென்று மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் ஐயா முன்பக்கம், நாங்கள் பின்பக்கம். மாமா வழிநெடுக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். எல்லா வயலும் பழுத்து நின்றது.

தாலுக்கா ஆபீசில் அதிகாரி பெயரைக் கூப்பிட்டார். ஐயா தாமே எழுந்து, "ஆட்சேபணைய வாபஸ் வாங்கிக்கிறேனுங்க. மேற்படியார் என் குத்தகைக்காரருதான்" என்றார். அவருடைய வக்கீல் அவரது அங்கவஸ்திரத்தை இழுத்தார். ஐயா அதைப் பிடுங்கிக்கொண்டார். இரு தரப்பும் சமரசம் என்று ராஜி எழுதியாயிற்று. நான் அதை இரண்டு முறை படித்தேன். எழுத்துப்பிழை ஒன்று இருந்தது, நிலத்தின் விவரத்தில் பிழையில்லை. மாமா கையெழுத்துப் போட்டபோது பேனாவை மண்வெட்டிபோல இறுக்கிப் பிடித்திருந்தார்.

பஸ் நிலையத்துக் கடையில் ஐயா மூன்று டீ சொன்னார். சோடா இல்லையா என்று கேட்டுவிட்டுத்தான் டீ சொன்னார். பாதி டம்ளர் குடித்தபின், முகத்தை நேரே பார்த்துக் கேட்டார்: "இப்ப சொல்லுய்யா. அந்தப் படம் எப்படி?"

மாமா யோசித்தார். அபிப்பிராயத்தில் சலுகை காட்டும் பழக்கம் அவருக்கு இல்லை. "மொத பாதி பரவாயில்லீங்க. கடைசி சீனுதான் நம்புற மாதிரி இல்ல."

"எந்தக் கடைசி சீனு?"

மாமா ராஜிப் பத்திரத்தின் நகலை மடித்து, சட்டைப் பையில் வைத்து, மேலே தட்டிக்கொண்டார். "இதாங்க."

அன்று மாலை இலை போட்டதும், முதல் தடவையாகக் கதை சொல்வது மாமாவின் முறையாயிற்று. ஆபீசில் நடந்ததை வரிசையாகச் சொன்னார். அத்தை குழம்புச் சட்டியைப் பிடித்தபடி நின்று கேட்டார்.

"ஓடியாந்தாரா?"

"பஸ்ஸுலதான் வந்தாரு. முன் சீட்டுல."

"செருப்பு?"

"புதுச் செருப்பு."

அத்தை ஒரு கரண்டி குழம்பை ஊற்றினார். "சரி. வெளிய சொல்லும்போது நான் பஸ்ஸ எடுத்துடுறேன்" என்றார்.